மாமியாருக்கு மாடி, மனைவிக்குச் சமையலறை, மாட்டுக்கு மலை

அமெரிக்காவில் மேற்கு நோக்கிப் போனவர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் பாடுவதெல்லாம் ஒரே பல்லவிதான். நிலம் தேடிப் போனார்கள், தங்கம் தேடிப் போனார்கள், சுதந்திரக் காற்றைத் தேடிப் போனார்கள். வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். காற்றைத் தேடிப் போன மனிதர் அடுப்பு, கட்டில், மெத்தை, மாமியார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் போனார். வீடு சலித்துப்போய் ஊரைவிட்டுக் கிளம்புவது, கிளம்பும்போது அந்த வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு மலையேறுவது என்கிற விசித்திரம் அங்கே கார் வருவதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது.

1846 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஜேம்ஸ் ரீட் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார். வசதியான மனிதர். மனைவி மார்கரெட்டுக்கு ஓயாத தலைவலி. பிள்ளைகள் நான்கு பேர். போதாததற்கு மார்கரெட்டின் அம்மா சாரா கீஸ். எழுபதை எட்டிய, படுக்கையைவிட்டு எழ முடியாத அந்த அம்மாள், ஒரே மகளைப் பிரிந்திருக்க முடியாது என்று கூடவே கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை என்ன செய்வார்? வண்டியை மாற்றினார். மற்றவர்களெல்லாம் பின்பக்கமாகத் தொற்றி ஏறுகிற சாதாரண வண்டி வைத்திருக்க, ரீட் வண்டிக்கு மட்டும் பக்கவாட்டில் படியோடு வாசல். உள்ளே ஸ்பிரிங் வைத்த இருக்கை. சின்ன இரும்பு அடுப்பு, அதன் புகை கூரை வழியாக வெளியேறக் குழாய். மேலே படுப்பதற்கு ஒரு மாடி! அப்போது பன்னிரண்டு வயதிருந்த மகள் வர்ஜீனியா, பாட்டியாகும் வயதில், 1891-இல் ஒரு பத்திரிகையில் இதை எழுதும்போது 'முன்னோடிகளின் அரண்மனை வண்டி' என்றே பெயர் வைத்துவிட்டார். அத்தனை பெரிதாக இருந்திருக்காது என்று பின்னாளில் சில ஆராய்ச்சியாளர்கள் அளவு நாடாவோடு வந்து மல்லுக்கட்டினார்கள். எனக்கு வர்ஜீனியா பக்கம்தான் சாய்வு. மாமியாருக்காகக் கட்டிய வண்டி சின்னதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

மாமியார் மே மாதக் கடைசியில் கன்சாஸ் சமவெளியிலேயே காலமாகிவிட்டார். மலை அதற்குப் பிறகுதான் வந்தது. யாருக்காக மாடி கட்டினார்களோ அவர் இல்லை, மாடி மட்டும் இருக்கிறது. மாடுகள் அதைப் பற்றி என்ன நினைத்தன என்று யாரும் பதிவு செய்யவில்லை.

இந்த இடத்தில் நம் கதாநாயகர், உலகத்துக் கணவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தார். குறுக்குவழி கண்டுபிடித்தார். லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்கிற ஆசாமி, தானே வண்டி ஓட்டிப் பார்த்திராத ஒரு குறுக்குவழியைப் புத்தகத்தில் பரிந்துரைத்திருந்தார். அந்தப் பக்கமாகக் குதிரையில் வந்த ஜேம்ஸ் கிளைமன் என்கிற மலைவழி அறிந்த மனிதர், ரீட்டின் பழைய நண்பர், வழியிலேயே பார்த்து, "வேண்டாம்ப்பா, பழைய பாதையிலேயே போ" என்கிற அர்த்தத்தில் தலைதலையாய் அடித்துக்கொண்டார். வழி தெரிந்த ஆள் நேரில் சொல்வதா பெரிது, வழி தெரியாத ஆள் அச்சில் போட்டது பெரிதா? ரீட் அச்சைத் தேர்ந்தெடுத்தார். விளைவாக வாசாட்ச் மலையில் பாதையே இல்லாத இடத்தில் மரம் வெட்டி, புதர் வெட்டி, தாங்களே ரோடு போட்டு அரண்மனையை நகர்த்தினார்கள். அப்புறம் ஹேஸ்டிங்ஸ் சுமார் 40 மைல் என்று சொன்ன உப்புப் பாலைவனம் 80 மைலாக நீண்டது. தாகம் தாங்காமல் ரீட்டின் மாடுகள் பெரும்பாலும் ஓடியே போய்விட்டன. மாடுகளுக்காவது புத்தி இருந்தது. அரண்மனையைக் கடைசியில் வழியிலேயே கைவிட்டார்கள்.

அதற்கு மேல் சியெரா நெவாடா மலையின் பனியில் அந்தக் கூட்டத்துக்கு நேர்ந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. டானர் கூட்டம் என்று பெயர் பெற்ற அதில் ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பவில்லை. ரீட் குடும்பத்தில் ஜேம்ஸ், மார்கரெட், நான்கு பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். மறு வருஷம் வர்ஜீனியா ஊரிலிருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் தன் அனுபவசாரமாகச் சொன்னது: குறுக்குவழியில் மட்டும் போகாதே. அப்பாவைக் குறை சொல்லாமல் அப்பாவைக் குறை சொல்ல இதைவிட நாசூக்கான வழி கிடையாது.

மாடு போய் மோட்டார் வந்தது. 1929-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன், தொழிலால் நுண்ணுயிரியல்காரர், குடும்பத்தோடு காட்டில் தங்க ஒரு கூடார டிரெய்லர் வாங்கினார். சில நிமிஷத்தில் பிரித்துவிடலாம் என்று விளம்பரம். பிரிக்க உட்கார்ந்த அன்று மழை. நிமிஷங்கள் நீண்டன, குடும்பம் முழுக்க நனைந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியையெல்லாம் அடக்கிவைத்த மனிதருக்குக் கண்ணெதிரே இருந்த கித்தான் அடங்கவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, பிரிக்கவே தேவையில்லாத கெட்டிப் பெட்டி ஒன்றைத் தானே கட்டினார். அடுத்த ஆண்டே மோட்டார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். 1936 வாக்கில் நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையது. 1929 பங்குச்சந்தைச் சரிவை முன்கூட்டியே சொல்லிப் பேர்வாங்கிய ரோஜர் பாப்சன், இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று அந்தச் சமயத்தில்தான் ஆருடம் சொன்னார். ஒரு தடவை பலித்தவர் வாயை அப்புறம் யாராலும் மூட முடியாது.

கலிஃபோர்னியாவில் வாலி பையம். ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளிக் கேப்ஸ்யூல் டிரெய்லரின் தந்தை. இந்தத் தந்தையை உண்டாக்கியது அவருடைய முதல் மனைவி மேரியன் என்பது என் கட்சி. பையமுக்குக் காடு மேடு சுற்ற ஆசை. மேரியனுக்கோ தரையில் படுப்பதிலும், அடுக்களை இல்லாத இடத்தில் சமைப்பதிலும் துளிகூட ஆர்வமில்லை. அப்படி ஒரு பெண்மணி "என்னவோ நீங்க பாத்துச் செய்ங்க" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் அமெரிக்காவுக்கு ஏர்ஸ்ட்ரீம் கிடைத்திருக்காது. பையம் ஒரு மாடல் டி ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் பலகை போட்டு, கூடாரம் கட்டினார். கட்டுவதற்குள் பொழுது விடிந்தது. மழையில் ஒழுகியது. மறுபடி உட்கார்ந்து, நீர்த்துளி வடிவத்தில் ஒரு கெட்டிக் கூண்டு செய்து, அதற்குள் ஐஸ் பெட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு தரையைத் தாழ்த்தி, கூரையை உயர்த்தி, உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கும்படி ஆக்கினார். குனிந்தபடி சமைக்க மேரியன் என்ன நேர்த்திக்கடனா செய்கிறார்?

1936-இல் அலுமினிய உடம்போடு வந்த அவருடைய கிளிப்பர் டிரெய்லரின் விலை 1,200 டாலர். மின்விளக்கு, நான்கு பேர் படுக்க இடம், தேவதாரு உள்பலகை வைத்த துணி அலமாரி. அன்றைக்கு 1,200 டாலருக்குப் புதுக் காரே வாங்கலாம். ஜனங்கள் கார் வாங்கி, அதற்குப் பின்னால் இன்னொரு காரின் விலையை மாட்டி இழுத்தார்கள். பொருளாதார மந்த காலத்தில்.

சமவெளியில் எல்லாம் நன்றாகத்தான் போகும். மலை வந்தால்தான் குடித்தனத்தின் எடை தெரியும். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், கார்புரேட்டர் காலத்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். 8,000 அடியில் அதன் பலத்தில் கால்வாசி காணாமல் போயிருக்கும். அதே நேரத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். அதற்கென்று காரின் மூக்கில் கித்தான் தண்ணீர்ப்பை கட்டித் தொங்கவிடுவார்கள். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. அதற்குக் கைவைத்தியம், துணி காயப்போடும் மரக் கிளிப்புகளைக் குழாய் நெடுகிலும் மாட்டிவைப்பது. பலன் உண்டா இல்லையா என்று மெக்கானிக்குகள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பலன் இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி, கணவர் கிளிப் மாட்டும் அரைமணி நேரத்தில் எஞ்சின் தானாகவே ஆறிவிடும் என்பது.

ஏறுவதைவிட இறங்குவது மோசம். காரின் பிரேக்கை முதலில் மிதித்தால் கார் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காது. பின்னாலிருந்து முட்டித் தள்ளி, இரண்டும் நடுவில் மடங்கிப் பள்ளத்தைப் பார்த்து நிற்கும். ஆகவே டிரெய்லருக்குத் தனி மின்பிரேக், ஸ்டியரிங் பக்கத்தில் அதற்குத் தனிக் கைப்பிடி. முதலில் பின்னால் வருவதை நிறுத்து, அப்புறம் நீ நில். விவாகத்துக்கு முன்பு எந்தப் புரோகிதரும் சொல்லித்தராத பாடம்.

இதிலும் தப்பியவர்களுக்கு ரிவர்ஸ் இருக்கிறது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். மனைவி இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவார். கண்ணாடியில் அது இடம் வலமாகத் தெரியும். "இந்தப் பக்கங்க!" என்றால் எந்தப் பக்கம்? "மரம்! மரம்!" என்றால் மரம் இருக்கிறது என்றா, மரத்தைத் தாண்டிவிட்டோம் என்றா? உலகத்தில் எத்தனையோ மொழிகள் இருந்தும் ஒரு தம்பதி ரிவர்ஸ் எடுக்கப் போதுமான மொழி இன்னும் உருவாகவில்லை. அன்றைய டிரெய்லர் பார்க்குகளில் சாயங்கால நேரத்துக்கு எல்லோரும் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் இயற்கைக் காட்சி இல்லை. புதிதாக வருகிற ஜோடி டிரெய்லரை உள்ளே விடுகிற காட்சி.

பையம் இந்த ரகளையைத் தனித்தனியாக அனுபவிப்பது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, 1951-இல் டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து 63 டிரெய்லர்களைச் சேர்த்துக்கொண்டு மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைகள் வழியாக நிகரகுவா நோக்கிக் கிளம்பினார். பாதை என்று வரைபடத்தில் இருந்தது பல இடத்தில் தரையில் இல்லை. கடைசிவரை போய்ச் சேர்ந்தவை 14. இதற்கு மேல் ஒரு மனிதர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். பையம் இன்னும் பெரிதாகத் திட்டம் போட்டார். 1959-இல் 41 டிரெய்லர்கள், கேப்டவுன் முதல் கெய்ரோ வரை, ஏழு மாதத்துக்கும் மேல். வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவியர். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகள் கூப்பிடுவதற்குள் ஆப்பிரிக்காவுக்கு ஓடிவிட்டார்கள் என்பது என் ஊகம்.

எத்தியோப்பிய மலைநாட்டில் மழை பிடித்துக்கொண்டது. டிரெய்லர்கள் சேற்றில் புதைந்தன, இழுக்கப் போன வண்டிகளும் புதைந்தன. கலிஃபோர்னியத் தொழிற்சாலையில் விமானம் மாதிரி வழுவழுவென்று தேய்த்த அலுமினிய உடம்புகள் சேறு பூசிக்கொண்டு எருமைகளாகின. அப்படியும் அடிஸ் அபாபா போய்ச் சேர்ந்து, பேரரசர் ஹெய்லி செலாசியைச் சந்தித்தார்கள். சாலமன் வம்சம் என்று சொல்லிக்கொண்ட சக்கரவர்த்தி, ஐஸ் பெட்டியோடு ஊர் சுற்றுகிற ரிட்டயர்டு தம்பதிகளை எந்த முகபாவத்தோடு பார்த்திருப்பார்! கடைசியில் கெய்ரோவில் பிரமிடுகளுக்கு முன்னால் டிரெய்லர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக அசையாமல் நிற்கிற கட்டடத்துக்கு முன்னால், ஒரு இடத்தில் நிற்கவே தெரியாத கட்டடங்கள்.

இவ்வளவு நடந்தும் இந்தத் தொழிலின் முழு உண்மையைப் போட்டு உடைத்தது சினிமாதான். ஆண்டுக் கணக்கில் இது ஆப்பிரிக்காவுக்கு முந்தியது. இருந்தாலும் உச்சத்தைக் கடைசியில்தானே சொல்ல வேண்டும்?

கிளின்டன் ட்விஸ் என்பவர் 1951-இல் எழுதிய 'தி லாங், லாங் டிரெய்லர்' நாவலை எம்.ஜி.எம். 1954-இல் படமாக வெளியிட்டது. வின்சென்ட் மினெல்லி இயக்கம். ஜோடி, லூசில் பாலும் டெசி அர்னாஸும். இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி. 1951 அக்டோபரிலிருந்து தொலைக்காட்சியில் 'ஐ லவ் லூசி' மூலமாக அமெரிக்க வீடுகளுக்குள் வாராவாரம் புகுந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். வீட்டில் இலவசமாகப் பார்க்கிற சண்டையைக் காசு கொடுத்துத் தியேட்டரில் யார் பார்ப்பார்கள் என்று ஸ்டூடியோவுக்கு ஒரே பயம். டெசி விடவில்லை. இதே மினெல்லியின் 'ஃபாதர் ஆஃப் தி பிரைடு' வசூலை இது தாண்டும் என்று பந்தயமே கட்டி, ஜெயித்தார்.

கதையில் புதுமணப்பெண் டேசியாக லூசில், என்ஜினியர் கணவர் நிக்கியாக டெசி. வேலை ஊர் ஊராகப் போகும். டேசி கணக்குப் போடுகிறார்: ஊருக்கு ஊர் வீடு வாடகைக்கு எடுப்பதைவிட ஒரு டிரெய்லர் வாங்கினால் எவ்வளவு மிச்சம்! சின்னதாக ஒன்று பார்க்கத்தான் கண்காட்சிக்குப் போகிறார்கள். பட்டுப்புடவைக் கடைக்குச் சும்மா பார்க்கப் போன கதைதான். வாங்கி வந்தது 36 அடி நீளமுள்ள மஞ்சள் நிற நியூ மூன். அதை இழுக்கப் பழைய கார் போதாது, புதுக் கார். அப்புறம் இரண்டையும் கோக்க இணைப்புக் கொக்கி, தனி பிரேக், கண்ணாடி என்று நிக்கியின் மிச்சம் மிச்சமில்லாமல் போகிறது.

முதலிரவுக்கு டிரெய்லர் பார்க். பக்கத்து டிரெய்லர்களில் இருப்பவர்கள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்து, களைத்திருக்கும் மணப்பெண்ணுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மறுநாள் காட்டுப் பாதையில் ஒதுங்கினால் மழை. டிரெய்லர் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறது. சரிந்த கட்டிலில் படுக்கமுடியாமல் எழுந்த டேசி, கதவைத் திறந்ததும் நேராகச் சேற்றில். அதற்குப் பிறகு அத்தை வீட்டு வாசலில் ரிவர்ஸ். அத்தையின் ஆசை ரோஜாச்செடியும் வீட்டின் ஒரு பகுதியும் பணால். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டேசி விருந்து சமைக்க, மாவும் முட்டையும் அவர்மேலேயே விருந்தாகும் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பேன். சமையல் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம் சிரிப்பார்கள்.

படத்தின் வில்லன் கல். போகிற இடத்திலெல்லாம் டேசி ஞாபகார்த்தமாக ஒரு கல் பொறுக்குகிறார். சின்னக் கூழாங்கல் இல்லை, நம்மூர்ப் பாட்டி பார்த்தால் அம்மிக்கு ஆகும் என்று எடுத்துவைக்கக்கூடிய ரகம். கூடவே பழ ஜாம் பாட்டில்கள் வேறு. முன்னால் மலை. 8,000 அடி ஏற்றம். எடையைக் குறைக்காவிட்டால் செத்தோம் என்று நிக்கி சொல்ல, டேசி சரி என்று தலையாட்டிவிட்டு அத்தனை கல்லையும் டிரெய்லரின் சந்துபொந்தெல்லாம் ஒளித்துவைக்கிறார். அப்புறம் வருகிற மலையேற்றம் தமாஷ் சினிமாவுக்குப் பாடப்புத்தகம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், குறுகலான ரோடு. இருவருக்கும் உயிர் தொண்டையில். வாயோ நிற்காமல் ஊர்க்கதை பேசுகிறது, ஒருவர் பயத்தை இன்னொருவர் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். பின்னால் கற்கள் உருள ஆரம்பிக்கின்றன. மலையுச்சிக்கு வந்து கதவைத் திறந்த நிக்கி, எந்தக் கணவரும் கனவில்கூடச் செய்யத் துணியாத காரியத்தைச் செய்கிறார். மனைவியின் கல் அத்தனையையும் ஒவ்வொன்றாக மலைச்சரிவில் விட்டெறிகிறார். கல்யாணமும் கூடவே உருண்டு பாதிவழி போய்விடுகிறது.

இதைப் படமாக்கியது நிஜ மலையில். மவுன்ட் விட்னியின் அடிவாரம் நோக்கி, லோன் பைன் ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற விட்னி போர்ட்டல் ரோடு. அந்த ரோடு முடிகிற இடம் 8,000 அடிக்குச் சற்று மேலே. கதைக்குச் சொன்ன உயரத்தில் பெரிய பொய் இல்லை. டானர் கூட்டம் சிக்கிய அதே சியெரா நெவாடா தொடர்தான் இதுவும், கொஞ்சம் தெற்கே தள்ளி.

படத்தில் மழைக்கு நடுவே ஜோடி சேர்ந்துவிடுகிறது, அது சினிமா. நிஜத்தில் 1960 மார்ச்சில், இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே லூசில் பால் விவாகரத்து மனு போட்டார். அதில் டிரெய்லருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

படத்தில் இவ்வளவையும் பார்த்த பிறகு தேசத்தில் ஒருத்தராவது டிரெய்லர் வாங்கியிருப்பாரா? சேற்றில் விழுந்த மனைவி, இடிந்த அத்தை வீடு, பாதாளத்தின் விளிம்பில் ஆடிய 36 அடி மஞ்சள் பெட்டி, பிரிந்துபோகப் பார்த்த தம்பதி. நியூ மூன் கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். படம் வந்த கையோடு லூசில் பால், டெசி அர்னாஸ் படத்தைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அதே மாடல் டிரெய்லரை விற்றார்கள்.